வடிவேலு, வயசு 24: ஒரு தந்த வயலினும் ஒரு வரிசையும்

(எபிசோடோட எழுத்து வடிவம். படிக்க வசதியாக் கொஞ்சம் திருத்தியிருக்கோம்.)

இன்னைக்கு எபிசோட் வடிவேலு பத்தி. பேரைக் கேட்டதும் உங்க மண்டையில நாலு மீம் ஓடியிருக்கும். அவர் இல்ல. இவர் தஞ்சாவூர் வடிவேலு. 1810-ல பிறந்தவர். இசையமைப்பாளர், வயலின் கலைஞர், நட்டுவனார். நாற்பது வயசைத் தொடாமலே போயிட்டார்.

அதே 1810-ல போலந்துல ஷோபான் பிறந்தார். அவரும் நாற்பதைத் தொடல. ஆனா ஷோபான் எழுதின இசை அவர் உயிரோட இருக்கும்போதே பாரிஸ்ல அச்சாகி, அட்டையில அவர் பேரோட கடைக்கு வந்துடுச்சு. பியானோ கத்துக்கிற குழந்தைக்குக்கூட அவர் பேர் தெரியும். வடிவேலுவோட வேலையும் சின்ன வேலை இல்ல. இந்த வார இறுதியில மயிலாப்பூர்லயோ நியூ ஜெர்ஸியிலயோ ஒரு அரங்கேற்றம் நடந்தா, அந்த மேடை முழுக்க அவரும் அவர் அண்ணன்களும் செஞ்ச வேலைதான் இருக்கும். அவர் பேர் மட்டும் பெரும்பாலும் வராது.

ஏன் வரலன்னு யோசிச்சா எனக்கு ஒரு பதில் கிடைக்குது. ஒரு பாட்டை எழுதினவர் பேர் பாட்டோட ஒட்டிக்கும். எது முதல்ல வரணும், எது கடைசியில வரணும், எந்த வாத்தியம் எங்க உட்காரணும்னு தீர்மானிச்சவர் பேர் ஒட்டாது. அந்தத் தீர்மானம் நல்லா இருந்தா எல்லாரும் எடுத்துக்குவாங்க. எல்லாரும் எடுத்துக்கிட்டா அது "மரபு" ஆயிடும். மரபுக்கு யாரும் ஆசிரியர் பேர் கேக்கிறதில்ல. நம்ம ஐடி பாஷையில சொன்னா, டிஃபால்ட் செட்டிங்கை யார் எழுதினதுன்னு யாரும் பார்க்கிறதில்ல.

நாலு அண்ணன் தம்பிகள்

சின்னையா 1802, பொன்னையா 1804, சிவானந்தம் 1808, வடிவேலு 1810. இவங்க நாலு பேரையும் சேர்த்துத்தான் தஞ்சை நால்வர்னு சொல்றோம். அப்பா சுப்பராயன், தாத்தா கங்கைமுத்து, ரெண்டு பேருமே நட்டுவனார்கள்.

நட்டுவனார்னா யாருன்னு இங்க ஒரு நிமிஷம் பார்த்துடலாம். நாட்டிய மேடையில ஓரமா உட்கார்ந்து, கையில தாளத்தை வச்சுக்கிட்டு "தா தை தை தா"ன்னு சொல்லுக்கட்டு சொல்ற ஆளை நீங்க பார்த்திருப்பீங்க. அது அவர் வேலையில ஒரு பகுதிதான். அந்தக் காலத்து நட்டுவனார் ஆடச் சொல்லிக்கொடுப்பார், பாட்டு அமைப்பார், ஜதி கோப்பார், மேடையில மொத்தக் குழுவையும் நடத்துவார். மேற்கத்திய இசையில கம்போசர், அரேஞ்சர், கண்டக்டர்னு மூணு பேர் பார்க்கிற வேலை. இங்க ஒரே ஆள். நாட்டியத்துக்கான இந்தக் குழுவுக்குச் சின்ன மேளம்னு பேர். நாதஸ்வரம், தவில் வர்றது பெரிய மேளம்.

நால்வருக்குச் சங்கீத குரு முத்துசுவாமி தீட்சிதர். குருவைப் போற்றி அவங்க செஞ்ச கீர்த்தனைத் தொகுப்புக்கு நவரத்தினமாலைன்னு பேர். வேலை, செர்போஜி மன்னர் அரண்மனையிலயும் பெரிய கோயில்லயும். செர்போஜி 1832-ல இறந்தப்போ மூத்தவருக்கு 30 வயசு, வடிவேலுவுக்கு 22. அதாவது நாம இப்போ பேசப்போற வேலையில பெரும்பகுதியை ஆரம்பிச்சு வச்சது இருபதுகள்ல இருந்த பசங்க. "ஆயிரமாயிரம் வருஷத்துப் பாரம்பரியம்"னு அரங்கேற்றத்துல மைக் பிடிச்சுச் சொல்வாங்க இல்ல, அந்த நிகழ்ச்சி வரிசைக்கு வயசு சுமார் 200.

வரிசைங்கிறது ஏன் பெரிய விஷயம்?

பரதநாட்டியக் கச்சேரியோட வரிசைக்கு மார்க்கம்னு பேர். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா. இதுல பல உருப்படிகள் நால்வருக்கு முன்னாடியே தஞ்சாவூர் மராட்டிய அரண்மனையில ஆடப்பட்டவைதான். அதையெல்லாம் சீர்படுத்தி, புதுசா நிறைய எழுதி, ஒரு முழு மாலை நிகழ்ச்சியாக் கோத்தது இவங்க.

அந்தக் கோவையில ஒரு கணக்கு இருக்கு. அலாரிப்புல ராகமும் கிடையாது, வார்த்தையும் கிடையாது. வெறும் சொல்லுக்கட்டு. கண்ணு, கழுத்து, தோள்னு உடம்பு ஒண்ணொண்ணா முழிச்சுக்கும். அடுத்து ஜதிஸ்வரம். இப்போ ராகம் வந்தாச்சு, ஸ்வரம் வந்தாச்சு, வார்த்தை இன்னும் வரல. மூணாவது சப்தம். முதல் தடவையா வார்த்தை வருது, அதோட அபிநயமும் வருது. ஒவ்வொரு படியிலயும் ஒரு புது விஷயம் மட்டும் சேருது. பார்க்கிறவங்களுக்கு யாரும் பாடம் எடுக்கல, ஆனா நாலாவது உருப்படி வர்றதுக்குள்ள அவங்க கண்ணும் காதும் தயாராயிடுது.

நாலாவதுதான் வர்ணம். ராகம், தாளம், வார்த்தை, ஜதி, அபிநயம், இருக்கிறது எல்லாமே ஒரே உருப்படியில. அரை மணி நேரத்துக்கு மேலயும் போகும். அது முடிஞ்சதும் வேகத்தைக் கூட்டாம, பதம்னு நிதானமான ஒண்ணை வைக்கிறாங்க. ஆடினவங்களுக்கு மூச்சு வாங்க நேரம், பார்த்தவங்களுக்கு உள்ள போக நேரம். கடைசியில தில்லானா, துள்ளலா முடியும்.

பாலசரஸ்வதி 1975-ல தமிழ் இசைச் சங்கத்துல பேசினப்போ இந்த வரிசையைக் கோயிலுக்குள்ள போறதோட ஒப்பிட்டார். கோபுரத்துல நுழைஞ்சு, மண்டபங்களைத் தாண்டி, கருவறை வரைக்கும் போற மாதிரின்னு. அவருக்குக் கத்துக்கொடுத்த கந்தப்பா பிள்ளை தஞ்சை நால்வர் பரம்பரையில வந்தவர். வீட்டு ஆட்கள் எழுதின டிசைனை, அந்த வீட்டுல படிச்சவர் விளக்கின மாதிரி.

ஒரே மெட்டு, ரெண்டு வேலை

வர்ணத்தைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்க்கலாம். நாட்டியத்துக்கான வர்ணத்தைப் பதவர்ணம்னு சொல்வாங்க. நால்வர் பாணியில ரொம்பப் பிரபலமானது பைரவி ராகத்துல "மோகமான". திருவாரூர் தியாகேசர் மேல அமைஞ்ச தமிழ் வர்ணம்.

இதுல ஸ்வரப் பகுதி வரும்போது கவனிங்க. முதல்ல ஸ ரி க ம-ன்னு வெறும் ஸ்வரமாப் பாடுவாங்க. அதுக்கு நர்த்தகி காலால ஆடுவார், சுத்த நிருத்தம். உடனே அதே மெட்டு திரும்ப வரும், இந்தத் தடவை ஸ்வரத்துக்குப் பதிலா வார்த்தையோட. இப்போ கால் அடங்கி, முகமும் கையும் பேசும். அதே மெட்டு. முதல்ல கணக்கா இருந்தது, இப்போ காதலா மாறிடுது.

கேக்க சுலபமா இருக்கும். எழுதுறவர் நிலைமையை யோசிங்க. ஸ்வரம் நீளுற இடத்துல வார்த்தையில நெடில் வந்து உட்காரணும். ஸ்வரம் குறுகுற இடத்துல குறில் வரணும். ஜதியோட அடுக்குக்கும் பொருந்தணும். இவ்வளவுக்கும் நடுவுல அந்த வரி, காத்துக்கிட்டு இருக்கிற ஒரு பொண்ணோட பேச்சு மாதிரியும் கேக்கணும். ஒரே ஃபங்ஷன், ரெண்டு வேற வேற இன்புட், ரெண்டுக்கும் சரியான அவுட்புட் வரணும்னு கேட்டா நாம எத்தனை மீட்டிங் போடுவோம்!

ஆடவும் தெரிஞ்சு, பாடவும் தெரிஞ்சு, தாளமும் கையில இருக்கிறவங்களாலதான் இதை எழுத முடியும். நட்டுவனார் வீட்டுல இது எல்லாமே சின்ன வயசுல இருந்து காதுல விழுந்துக்கிட்டே இருக்கும்.

வயலின் எப்படி உள்ள வந்தது?

இப்போ வடிவேலுவோட தனி அத்தியாயம். கர்நாடக சங்கீதத்துக்குள்ள வயலினைக் கொண்டுவந்த முதல் தலைமுறையில ரெண்டு பேரை முக்கியமாச் சொல்வாங்க. ஒருத்தர் முத்துசுவாமி தீட்சிதரோட தம்பி பாலுசுவாமி தீட்சிதர். சென்னையில இருந்தப்போ ஒரு ஐரோப்பியர்கிட்ட கத்துக்கிட்டவர். இன்னொருத்தர் வடிவேலு.

அந்தக் காலத் தஞ்சாவூர்ல மேற்கத்திய இசை ஒரு அதிசயப் பொருள் இல்ல. செர்போஜி அரண்மனையில மேற்கத்திய பேண்டு வாத்தியக் குழுவே இருந்தது. முத்துசுவாமி தீட்சிதர் பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்துல சாகித்தியம் போட்டார், அதைத்தான் நோட்டுஸ்வரம்னு சொல்றோம். ஆக, அந்தச் சத்தம் ஊர்லயும் இருந்தது, குரு வீட்டுலயும் இருந்தது.

சத்தம் பக்கத்துல இருக்கிறது வேற, அதை நம்ம சங்கீதத்துக்குப் பழக்குறது வேற. மேற்கத்திய வயலின்ல நாலு தந்தியும் ஒண்ணுக்கொண்ணு சமமான இடைவெளியில, ஜி, டி, ஏ, இ-ன்னு சுருதி சேர்ந்திருக்கும். நம்ம ஊர்ல அதை ஸ ப ஸ ப-ன்னு மாத்தினாங்க. பாடுறவங்க சுருதிக்கு ஏத்த மாதிரி ஷட்ஜமும் பஞ்சமமும் ரெண்டு ஸ்தாயியில கிடைக்கும்.

அடுத்தது உட்காருற விதம். மேற்குல நின்னுக்கிட்டு, தாடைக்கும் தோளுக்கும் நடுவுல வயலினை இடுக்கிப் பிடிப்பாங்க. இங்க தரையில சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயலினோட தலையை வலது காலோட கணுக்கால் பக்கம் நிறுத்தி, மறுமுனையை இடது தோள்கிட்ட சாய்ச்சாங்க. இப்போ வாத்தியம் ரெண்டு பக்கமும் தாங்கி நிக்குது. இடது கைக்குப் பிடிக்கிற வேலையே இல்ல. அதனால அந்தக் கை தந்தி மேல மேலயும் கீழயும் தாராளமா வழுக்கலாம். நம்ம சங்கீதத்துக்கு உயிரே கமகம். ஒரு ஸ்வரம் நேரா நிக்காம அசைஞ்சு, இழுத்து, பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டுட்டு வரணும். வயலின்ல மெட்டு, அதாவது வீணையில இருக்கிற மாதிரி தடுப்பு, கிடையாது. வில்லை இழுக்கிற வரைக்கும் சத்தம் நிக்கும். தொண்டைக்கு ரொம்பப் பக்கத்துல வர்ற வாத்தியம் அது.

இந்த மாத்தம் எல்லாம் ஒரே ஆள் ஒரே நாள்ல பண்ணினது இல்ல. அந்தத் தலைமுறை சேர்ந்து பண்ணினது. ஆனா வெளிநாட்டு வாத்தியத்தை ஒரு ராஜசபை முழு மரியாதையோட ஏத்துக்கிட்டதுக்கு நம்ம கையில ஒரு பொருளே சாட்சியா இருக்கு. அதுக்குத் திருவனந்தபுரம் போகணும்.

ராஜாவுக்கு 21, வித்வானுக்கு 24

செர்போஜி காலம் முடியுற சமயத்துல நால்வரும் தஞ்சாவூருக்கு வெளியில கிளம்பினாங்க. சின்னையா மைசூர் அரண்மனைக்குப் போனார். பொன்னையாவும் சிவானந்தமும் தஞ்சாவூர்ப் பக்கமே நிலைச்சாங்க. வடிவேலு திருவிதாங்கூர்ல, சுவாதித் திருநாள் சபையில தங்கிட்டார்.

சுவாதித் திருநாள் 1813-ல பிறந்தவர். வடிவேலுவை விட மூணு வயசு சின்னவர். அவரே பாட்டு எழுதுறவர். 1834-ல வடிவேலுவுக்குத் தந்தத்தால செஞ்ச ஒரு வயலினைப் பரிசாக் கொடுத்தார். அப்போ ராஜாவுக்கு 21, வித்வானுக்கு 24. அந்தத் தந்த வயலினை நால்வர் குடும்பம் தலைமுறை தலைமுறையாப் பாதுகாத்துட்டு வந்தது.

கேரளத்து மோகினியாட்டத்துலயும் வடிவேலுவுக்குப் பங்கு உண்டுன்னு சொல்வாங்க. அங்கயும் சொல்கெட்டு, ஜதிஸ்வரம், வர்ணம், பதம், தில்லானான்னுதான் வரிசை. மொழி வேற, அசைவு வேற, ஆனா எலும்புக்கூடு நமக்குத் தெரிஞ்சதுதான். தஞ்சாவூர்ல எழுதினது இன்னொரு ஊர்லயும் ஓடுச்சு.

இந்தச் சபையைச் சுத்தி ஒரு கதை உண்டு. தியாகராஜரைத் திருவனந்தபுரத்துக்கு வரவழைக்கணும்னு ராஜாவுக்கு ஆசை. அந்தப் பொறுப்பு வடிவேலுவுக்கு. அவர் திருவையாறு போய், நேரா விஷயத்துக்கு வராம, தியாகராஜர் காதுல விழுற மாதிரி தினமும் சாதகம் பண்ணினாராம். தியாகராஜர் மயங்கி, "உனக்கு என்ன வேணும் கேளு"ன்னாராம். வடிவேலு ஆஃபர் லெட்டரை நீட்ட, அவரோ "உங்க ராஜாவை மேலோகத்துல பார்த்துக்கிறேன்"னு முடிச்சுட்டாராம். கதை கதைதான். ஆனா தியாகராஜரையே மயக்குற வாசிப்புன்னு சொல்றதுக்கு ஊர் வடிவேலுவைத் தேர்ந்தெடுத்திருக்கு பாருங்க.

சுவாதித் திருநாள் 1846-ல, 33 வயசுல இறந்தார். வடிவேலுவோட வாழ்க்கையும் அந்த வருஷங்களை ஒட்டியே முடிஞ்சது. ரெண்டு இளைஞர்கள், ஒரே சபை, பத்து வருஷத்துக்கு மேல ஒண்ணா வேலை. 1980-கள்ல வீணை எஸ். பாலசந்தர், சுவாதித் திருநாள் பேர்ல இருக்கிற பாட்டுகள் அவர் எழுதினதே இல்லன்னு பெரிய சர்ச்சையைக் கிளப்பினார். கேரளத்துல இருந்து கடுமையான மறுப்பு வந்தது. எனக்கு அந்தச் சண்டையில ஆர்வமான விஷயம் வேற. ஒரே அறையில ராஜாவும் வித்வானும் உட்கார்ந்து ஒரு மெட்டைச் செதுக்கினா, வெளியில வரும்போது யார் பேர் போட்டு வரும்? அதுக்கான பதில் அன்னைக்கும் தெளிவாத்தான் இருந்தது.

ஊர் பேர் நின்னது, ஆள் பேர் போச்சு

நான் வலங்கைமான்காரன். கும்பகோணத்துப் பக்கம், குடமுருட்டி ஆத்தங்கரை. வெளியூர்ல எங்க ஊரைப் பாடைக்காவடிக்குத் தெரியும், பட்டாசுக்குத் தெரியும். சங்கீதம் கேக்கிறவங்களுக்குத் தவில் வித்வான் வலங்கைமான் சண்முகசுந்தரம் பேரால தெரியும். எங்க டெல்டாவுல கலைஞர் பேரைச் சொன்னா முதல்ல ஊர் வரும், அப்புறம்தான் ஆள். திருவாவடுதுறை ராஜரத்தினம், உமையாள்புரம் சிவராமன், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம். ஊருக்குப் பெருமைதான். ஆனா நாட்டியத்துல போகப்போக இந்தப் பழக்கம் ஒரு வேலை பண்ணிடுச்சு. பந்தநல்லூர் பாணி, தஞ்சாவூர் பாணின்னு ஊர் மட்டும் நின்னு, ஆள் உதிர்ந்துட்டார்.

இன்னொரு காரணம், தாள்ல எழுதி அச்சடிக்கிற வழக்கம் இல்லாதது. ஷோபானுக்குப் பதிப்பாளர்கள் இருந்தாங்க. வடிவேலுவோட இசைக்கு இருந்த ஒரே ஹார்டு டிஸ்க் அந்தக் குடும்பத்தோட ஞாபகமும் வீட்டுச் சுவடியும்தான். நால்வர் வழியில வந்த கே. பொன்னையா பிள்ளை, 1933-ல மியூசிக் அகாடமியோட சங்கீத கலாநிதி விருது வாங்கினவர், நால்வரோட பாட்டுகளைத் "தஞ்சை பெருவுடையான் பேரிசை"ன்னு தொகுத்தார். அவர் மகன் கிட்டப்பா பிள்ளை வாழ்நாள் முழுக்க அந்த உருப்படிகளைச் சொல்லிக்கொடுத்தார். இன்னைக்கு நமக்கு நோட்டேஷனோட கிடைக்குதுன்னா இவங்கதான் காரணம்.

மூணாவது காரணம் கசப்பானது. இந்தக் கலையை வச்சிருந்தது இசை வேளாளர் குடும்பங்கள். ஆண்கள் நட்டுவனார்கள், மேடையில ஆடினது தேவதாசிப் பெண்கள். பொட்டுக்கட்டுற வழக்கத்தை எதிர்த்து முத்துலட்சுமி ரெட்டி மாதிரி ஆட்கள் பல வருஷம் போராடி, 1947-ல சென்னை மாகாணத்துல தடைச் சட்டம் வந்தது. அந்தப் போராட்டத்துக்கு நியாயம் இருந்தது. அதே காலத்துல சதிர்ங்கிற ஆட்டம் பரதநாட்டியம்னு பேர் மாறி, வேற வீட்டுப் பெண்கள் மேடைக்கு வந்தாங்க. ருக்மிணி தேவி மாதிரி பலர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்டத்தான் கத்துக்கிட்டாங்க. அவரும் நால்வர் வழி. கலை பிழைச்சது, பெருசா வளர்ந்தது. அதைத் தலைமுறையா சுமந்த வீட்டுப் பெண்கள்ல பெரும்பாலானவங்க மேடையை விட்டுப் போனாங்க. ஆட்டம் வீடு மாறினப்போ வரிசை அப்படியே கூட வந்தது. வரிசையை எழுதினவங்க பேர் பழைய வீட்டுலயே தங்கிடுச்சு.

நீங்க என்ன பண்ணலாம்?

இதைக் கேக்கிறவங்கள்ல கண்டிப்பா சில பேர் நாட்டியம் கத்துக்கிட்டவங்க இருப்பீங்க, இல்லன்னா வீட்டுல தங்கச்சியோ அக்கா பொண்ணோ கத்துக்கிட்டு இருப்பாங்க. அரங்கேற்ற அழைப்பிதழ்ல மேக்கப் போட்டவர் பேர் இருக்கும், ஹால் பேர் இருக்கும், போட்டோ எடுத்தவர் பேர் இருக்கும். வர்ணத்துக்கு நேரா ராகம், தாளம் போடுற இடத்துல அமைத்தவர் பேரையும் ஒரு வரி சேருங்க. "தஞ்சை நால்வர்"னு மொத்தமாப் போடுறதோட நிக்காம, பொன்னையாவா, சிவானந்தமா, வடிவேலுவான்னு உங்க டீச்சர்கிட்ட கேட்டுப் போடுங்க. அவங்களுக்கும் அந்தக் கேள்வி பிடிக்கும்.

நாட்டியத்துக்கே சம்பந்தமில்லாதவங்களுக்கு ஒரு சின்ன ஹோம்வொர்க். யூடியூப்ல "மோகமான" வர்ணத்தை ஒரு தடவை முழுசாப் பாருங்க. ஸ்வரம் ஓடி, அதே மெட்டு வார்த்தையோட திரும்பி வர்ற அந்த இடத்தைக் கண்டுபிடிங்க. கண்டுபிடிச்சதும் நர்த்தகியை விட்டுட்டு ஒரு பத்து நொடி ஓரத்துல பாருங்க. தாளத்தோட ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். பக்கத்துல யாராவது வயலினைக் கணுக்கால்ல சாய்ச்சு வாசிச்சுக்கிட்டு இருந்தாலும் இருப்பாங்க. வடிவேலு வேலை பார்த்த இடம் அதுதான்.